மதுரையில் வாங்கியது

அக்கா,

நான்கு நாள் அடைமழையில் சுவரில் ஓதம் ஏறி, கூடத்து மூலையில் கிடந்த உங்கள் மெத்தை மணை நாற ஆரம்பித்துவிட்டது. ஈரப் பஞ்சின் வாடை. "ஆஸ்பத்திரிக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. இன்று காலை வெயில் வந்ததும் அதை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு ஆணிகளைப் பிடுங்கினேன். மேலே மெரூன் துணி, அதன் கீழே இலவம்பஞ்சு. அதையும் எடுத்த பிறகு உங்கள் நீலப் புடவை வந்தது.

அப்போது நாம் இருவரும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தோம். நான் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து டைப் அடித்தேன். நீங்கள் பால்கோவா கடையில் நாள் முழுக்க நின்றபடி பொட்டலம் போட்டீர்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தனியாகக் குடியிருந்தீர்கள். சாயங்காலம் திரும்பும்போது உங்கள் கால் இரண்டும் வீங்கியிருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். "பாத்தியாட்டி, பால்கோவா மாதிரி" என்று அதையும் காட்டிச் சிரிப்பீர்கள். காலை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அதற்காகத்தான் அந்த டீப்பாய். கோர்ட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடையில், பலகை கீறல் விழுந்து, கால் ஆடிக்கொண்டு கிடந்தது. பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "ஏம்மா, இதுக்கும் டிக்கெட் போடவா?" என்றார். "நாலு காலு இருக்குல்லா, ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதன் கால்களை அறுத்தோம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஆடியது. "இப்படியே போனா பலகைதான்டி மிஞ்சும்." பஞ்சில்தான் சண்டை வந்தது. நீங்கள் இலவம்பஞ்சு வாங்கலாம் என்றீர்கள். அப்பா வேலை பார்த்த கம்பெனியில், புண்ணுக்கு வைக்கும் பஞ்சில் கழித்தது சும்மா கிடைக்கும்போது எதற்கு என்றேன் நான். "அது தண்ணியக் குடிக்கும்ட்டி. அமுங்குனா எந்திரிக்கவும் செய்யாது." நான் கேட்கவில்லை. உங்கள் பழைய புடவையை மேலே போர்த்தி, பால்கோவாப் பொட்டலம்போலவே மூலைகளை மடித்தீர்கள். இரண்டு உள்மடிப்பு, ஒரு வெளிமடிப்பு. நான் ஆணி அடித்தேன். மெத்தை மணை என்று பேர் வைத்து, அன்றைக்கே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கலெக்டர் வீட்டுலகூட இருக்காது" என்றீர்கள்.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். உட்கார இருக்கை போதவில்லை. கால் வைத்ததில் பெரியவர்களை எப்படி உட்கார வைப்பது என்று அம்மா தயங்கினாள். நீங்களேதான் முதல் நாள் இலவம்பஞ்சைப் பரப்பி, அம்மா வாங்கிவந்த மெரூன் துணியை மேலே இழுத்து மூலை மடித்துக் கொடுத்தீர்கள். "ஒரு நாளைக்குத்தான. பொறவு இதைப் பிரிச்சிட்டா என்னோடது."

மாப்பிள்ளையின் அப்பா அதில்தான் உட்கார்ந்தார். கையால் தடவிப் பார்த்து, "மெத்துனு இருக்கே, எங்கேம்மா வாங்குனீக?" என்று என்னைக் கேட்டார். நீங்கள் காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றீர்கள்.

"மதுரையில வாங்குனது" என்றேன்.

பழைய டீப்பாய் என்று சொல்ல வெட்கம். உங்களைக் காட்டினால், இது யார் என்று கேட்பார்களே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. இத்தனை வருஷம் கழித்துத்தான் அதை எழுத முடிகிறது.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மறுநாள் நீங்கள் வந்து வெறுந்தரையில் காலை நீட்டினீர்கள். அம்மா மணையை உங்கள் பக்கம் தள்ளினாள். "இருக்கட்டும் அத்தே. மதுரைச் சரக்கு, நம்ம காலு பட்டா அழுக்காயிரும்" என்று சிரித்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

துணியைப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் பிரித்தால், நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது என்று இருவருமே ஒப்புக்கொண்டதாகிவிடும். விழாத மாதிரியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் கடைசிவரை தரையில்தான் காலை நீட்டினீர்கள்.

அடுத்த வருஷம் கிட்னி போய், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தேவதானத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. வீக்கம் அப்போதும் வற்றவில்லை.

நீலப் புடவைக்குக் கீழே பஞ்சு நீங்கள் சொன்னபடியே அமுங்கி, எழாமல் கிடந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும் கொஞ்சம் ஆழம். உங்கள் குதிகாலா, அந்தப் பெரியவரின் பாரமா, தெரியாது. உங்களுடையது என்றே வைத்துக்கொண்டேன். பஞ்சை மாற்றவில்லை. அப்படியே வெயிலில் காயவைத்து, சாயங்காலம் நீலப் புடவையைத் திரும்ப இழுத்து அடித்தேன். இரண்டு உள்மடிப்பு, ஒரு வெளிமடிப்பு. மூலை உங்களுக்கு வந்ததுபோல் எனக்கு வரவில்லை.

சாயம் போன துணி, குட்டைக் கால். இதை எங்கே வாங்கினீர்கள் என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை, அக்கா. பதிலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.