தெற்கு என்றால் மைனஸ்

மார்ச் 3, திங்கள்

கடலியல் வகுப்பில் நான்காவது வீட்டுப்பாடம் வந்துவிட்டது. ஆறு கணக்கு. மேடம் வழக்கம்போல ஆளுக்கொரு நிலையத் தாள் கொடுத்தார். கடலில் ஒரு இடம், அதன் அட்சரேகை, நீரின் வெப்பம், உப்பு, ஐசோடோப் அளவுகள். பதினொரு பேருக்குப் பதினொரு இடம். "பேசிக்கோங்க, சொல்லிக் கொடுத்துக்கோங்க. எழுதுறது மட்டும் அவங்கவங்க எழுதணும்" என்பது அவர் சட்டம். எனக்கு வந்தது 38 டிகிரி வடக்கு.

மகளுக்கும் இன்று வீட்டுப்பாடம். எட்டாம் வகுப்பு. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நாத்தனார் எட்டிப் பார்த்து, ரெண்டு பேரில் யார் முதலில் பாஸாகப் போகிறீர்கள் என்று கேட்டாள். சிரித்து வைத்தேன். போன வருஷம் இந்தப் பாடத்தில் நான் தவறியது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 5, புதன்

கார்பன்-14 கணக்கு பத்தே நிமிஷம். மேற்பரப்பு நீரில் இருப்பதில் 88 சதவீதம்தான் ஆழத்து நீரில் மிச்சம். அப்படியென்றால் அந்தத் தண்ணீர் காற்றைப் பார்த்து 1057 வருஷம் ஆகிறது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஐசோடோப் இயந்திரத்தோடு மாரடித்தவளுக்கு இது என்ன பிரமாதம்.

நாலாவது கணக்குதான் உயிரை எடுக்கிறது. நூறு கிலோமீட்டர் தூரத்தில் கிழக்கே கடல் மட்டம் அரை மீட்டர் உயர்ந்திருக்கிறது. நீரோட்டம் எந்தப் பக்கம், என்ன வேகம்? தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்றுதான் உலகமே நினைக்கிறது. இல்லையாம். பூமி சுற்றுவதால் குறுக்கே ஓடுமாம். அதற்கு எஃப் என்று ஒரு எண். அட்சரேகைக்கு ஏற்ப மாறும். வடக்கே பிளஸ், தெற்கே மைனஸ். ஏன்?

படிப்பு விடுப்பு ஜூனோடு முடிகிறது. ஜூலையில் எங்கள் கூடத்தில் பிரிவுத் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்தப் பாடம் தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் பதவி. இன்னொரு விடுப்பு தர மாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

சுண்டெலி வந்திருந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம், எப்போதும் பேனா மூடியைக் கொறித்துக்கொண்டிருப்பாள், பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. அவளுக்கு நான் கார்பன் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். அரை ஆயுளைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், சராசரி ஆயுளைப் போடு என்றதும் விடை வந்துவிட்டது. பதிலுக்கு என் நாலாவதை, என் எண்களை வைத்தே, இரண்டு பக்கம் போட்டுக் காட்டினாள். எஃப் 0.0000898. வேகம் வினாடிக்கு 55 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி.

புரிஞ்சுதாக்கா என்றாள். புரிஞ்சுது என்றேன். புரியவில்லை.

அவள் தன்னுடையதை இன்னும் தொடவில்லை. பஸ்ஸில் போட்டுக்கொள்வாளாம். அவளால் முடியும்.

மார்ச் 10, திங்கள்

கொடுத்தாயிற்று. நாலாவதை அவள் தாளைப் பார்த்து எழுதினேன். வரிக்கு வரி. நாளைக்கு உட்கார்ந்து ஒழுங்காகப் புரிந்துகொள்வேன் — யாருக்குச் சொல்கிறேன் இதை?

மார்ச் 14, வெள்ளி



மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சுண்டெலியின் நிலையம் 22 டிகிரி தெற்கு. ஆனால் நாலாவது கணக்கில் அவள் போட்டிருக்கும் எஃப், 38 வடக்குக்கு உரியது. என்னுடையது. தெற்கே ஓட வேண்டிய நீரோட்டம் அவள் தாளில் வடக்கே ஓடுகிறது. "இவங்க எண் உங்க தாள்ல எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஞாயிறு முழுக்க என் கணக்கைப் போட்ட கை. பஸ்ஸில் அதே எண் தானாக வந்து விழுந்திருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு? அவள் என்னைப் பார்த்து எழுதியதாகத்தானே தெரியும். என்னைப் பார்த்து! அவள்!

அவள் தரையைப் பார்த்தாள். நான் மரம் மாதிரி நின்றேன். மேடம் என்னிடம், இனிமேல் உங்கள் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார், அக்கறையாக. அடுத்த வெள்ளி விசாரணைக் குழு கூடுகிறது. பார்த்து எழுதியது உறுதியானால் ஆராய்ச்சிக் கப்பல் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விடும். மே மாதம், ஆறு வாரம், ஒரே ஒரு மாணவருக்கு இடம். இரண்டு வருஷமாக அதைத் தவிர அவள் வேறெதுவும் பேசியதில்லை.

படிக்கட்டில் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க வாயைத் திறக்காதீங்க. எனக்கு அடுத்த வருஷமும் கப்பல் வரும். உங்களுக்கு அடுத்த வருஷம் லீவ் வராது."

அதைக் கேட்டதும் மனசு லேசாச்சு. அதுதான் அசிங்கம். லேசாச்சு.

மார்ச் 15, சனி

சாப்பாடு இறங்கவில்லை. உப்பு கூடிப்போச்சா என்றார் வீட்டுக்காரர். கடலின் உப்பைக் கணக்குப் போடுகிறவளிடம்.

மார்ச் 17, திங்கள்

பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு நாலாவது தப்பாம். வியாழக்கிழமை வகுப்பில் அதை நான் போர்டில் போட்டு விளக்க வேண்டுமாம். "நீங்கதான் சுத்தமா போட்டிருக்கீங்க" என்றார் மேடம்.

மார்ச் 18, செவ்வாய்

காலை முழுக்க உட்கார்ந்தும் மண்டையில் ஏறவில்லை. பதினோரு மணிக்கு எழுந்து வீட்டுக்காரரின் சலூனுக்குப் போனேன். ஒரே ஒருவர் முகத்தில் சோப்போடு கண்ணை மூடிக் கிடந்தார். பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, என்னை இடப்பக்கமாகச் சுற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம்.

சுற்றிக்கொண்டே பஞ்சு உருண்டையைக் கண்ணாடியைப் பார்த்து வீசினேன். வலப்பக்கம் போனது. இன்னொரு உருண்டை. வலப்பக்கம். இப்போது வலமாகச் சுற்றுங்கள் என்றேன். இடப்பக்கம் போனது! நேராகத்தான் வீசுகிறேன், சுற்றுவது நான். வடக்கிலிருந்து பார்த்தால் பூமி ஒரு பக்கம் சுற்றுகிறது, தெற்கிலிருந்து பார்த்தால் மறுபக்கம். அதனால்தான் மைனஸ். சோப்பு முகம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக மூடிக்கொண்டது.

அவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா அந்தப் பொண்ணு இருக்கும்போதே சொல்லு. முதுகுக்குப் பின்னால சொல்லாத."

மார்ச் 19, புதன்

வெள்ளைத் தாள். யார் தாளையும் பார்க்கவில்லை. 55 சென்டிமீட்டர், வடக்கு. பிறகு அவளுடைய கணக்கையும் போட்டேன். 22 தெற்கு, கிழக்கே கால் மீட்டர் மேடு. மைனஸ். 45 சென்டிமீட்டர், தெற்கு.

வந்துவிட்டது. இனிமேல் மேடம் எப்படிக் குடைந்தாலும் என்னால் பதில் சொல்ல முடியும். பொய்யில் இருந்த ஒரே ஓட்டையையும் நானே அடைத்துவிட்டேன்.

இப்ப எனக்குத் தெரியும்ல? அப்ப அது என் கணக்குதானே? ஒன்பது நாள் தாமதம், அவ்வளவுதானே? — அந்த ஒன்பது நாள்தான் அவளோட கப்பல்.

மார்ச் 20, வியாழன்

போட்டேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. படம் வரைந்து, பஞ்சு உருண்டைக் கதையும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். மேடம் தலையை ஆட்டினார். இந்த இரண்டு வருஷத்தில் எனக்காக அவர் தலை ஆடியது இதுதான் முதல் தடவை. போய் உட்கார்ந்திருக்கலாம்.

சுண்டெலி மூன்றாவது வரிசையில் இருந்தாள். வாயில் பேனா மூடி. நான் உட்காராமல் நிற்பதைப் பார்த்ததும் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

கீழே 22 தெற்கு என்று எழுதி அதையும் போட்டு முடித்தேன். பிறகு சொன்னேன். "மேடம், என் தாள்ல இருக்கிற நாலாவது கணக்கு நான் போட்டதில்ல. எனக்குப் புரிய வைக்க இவ போட்டது. அந்த எண் இவ மண்டையில தங்கி, இவ தாள்லயும் வந்துடுச்சு. இவ என்னைப் பார்த்து எழுதல. நான்தான் இவளைப் பார்த்து எழுதினேன்."

மேடம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது?"

"இது என்னோடது. நேத்துதான் வந்துச்சு."

மார்ச் 21, வெள்ளி

என் பாடம் ரத்து. விதி அப்படி. சொல்லிக் கொடுத்தது குற்றமில்லை என்று குழு முடிவு செய்துவிட்டது. தப்பான எஃப் போட்டதற்குச் சுண்டெலிக்கு ஐந்து மதிப்பெண் போனது, பட்டியலில் பெயர் இருக்கிறது. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னேன்ல என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்னும் பேசவில்லை.

மே 6, செவ்வாய்

கப்பல் கிளம்பிவிட்டதாம். மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. பாத்திரம் கழுவும்போது அழுதேன், நாத்தனார் பார்த்துவிட்டாள். நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்கு. என்னைவிட ஆறு வயது சின்னவர். நல்ல மனிதர்தான், அதுவே எரிச்சலாக இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பில் சேர அனுமதி கொடுத்தார். மறுபடி முதல் கணக்கிலிருந்து.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்துக்குக் கப்பலிலிருந்து ஆறு பெட்டி வந்தது. கடல் நீர் மாதிரிகள், ஐசோடோப் அளக்க. ஒவ்வொரு புட்டியிலும் நுணுக்கி நுணுக்கி எழுதிய லேபிள். எனக்குத் தெரிந்த கையெழுத்து. மூன்றாவது பெட்டியில் ஒரு புட்டி, மூவாயிரம் மீட்டர் ஆழத்துத் தண்ணீர். 22 டிகிரி தெற்கு. 'தெற்கு' என்பதைச் சுற்றி மூன்று வட்டம்.

பிரிவுத் தலைவர் கூடவே வந்த படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அளவிட வேண்டியவர் என்ற இடத்தில் ஆளின் பெயரே இல்லையே என்றார். "அக்கான்னு எழுதியிருக்கு. யாருங்க இந்த அக்கா?"

நான்தான் என்றேன். புட்டியை வாங்கிக்கொண்டு போய் இயந்திரத்தைப் போட்டேன்.