இதோ அனுப்புகிறேன்

சின்னவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது, கவலைப்படாதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானே தீர்மானித்துக்கொண்டு எழுதுகிறேன், போன் போட்டால்தான் நீ எடுப்பதில்லையே.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுப் போன் அடித்தது. ரத்த வங்கியின் மூக்குக்கண்ணாடிக்காரர். ஐந்து வயதுப் பெண் குழந்தை, ரத்தமாக வாந்தி எடுக்கிறது, நிற்கவில்லை, உன் வகை ரத்தம் கையிருப்பில் இல்லை, பையனை உடனே வரச் சொல்லுங்கள் என்றார். நானும் பழைய பழக்கத்தில் "இதோ அனுப்புறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அறைக் கதவைத் தட்டித் திறந்து, உறை போடாத தலையணையைப் பார்த்தபிறகுதான் புத்தி வந்தது. திரும்ப அடித்தால் லைன் கிடைக்கவில்லை. வண்டி பிடித்து ஓடினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து "பையன் எங்க?" என்றார். உன்னை நம்பி வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் வீணாகப் போயிருந்தது. எனக்கும் அதே வகைதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். அறுபத்தேழு வயதில் எடுக்கமாட்டார்களாம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, போனை எடுத்து அடுத்த எண்ணை அழுத்தினார்.

அவசரப் பிரிவு வாசலில் குழந்தையின் அப்பா ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார், அவளுடையது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, ரத்தம் ஏற்றினால்தான் உள்ளே குழாய் விட்டுக் கட்ட முடியும் என்று டாக்டர் சொன்னாராம். நான் ரத்தம் கொடுக்க வந்தவன் என்று நினைத்து "வந்தீங்களே ஐயா, அதுவே போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு தையற்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ரத்தம் கொடுக்க ஓடிவந்தார். மதியத்துக்குள் ரத்தம் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன், தண்ணீர் குடிக்கிறாள், ஐஸ்கிரீம் கேட்டு டாக்டரோடு சண்டை. திரும்பும்போது ரத்த வங்கியில் பேனா வாங்கி, பட்டியலில் உன் பெயரை நானே அடித்தேன். நீ ஊரைவிட்டுப் போய் நான்கு வருஷமாகிறது, வழியனுப்பிய அன்றுகூட நான் அழவில்லை, வெள்ளிக்கிழமை அந்தக் கவுண்டரில் நின்று அழுதேன்.

ஒரு குறையுமில்லாமல் நன்றாயிரு, கண்ணா. அங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் உன் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடு. அவர்கள் கூப்பிட்டாலாவது எடு.

உன் பதிலுக்காக,
அப்பா