விளாத்திகுளம் உறுப்பினரின் துணைக் கேள்வி

ஜூன் 27, திங்கள்

பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. கோவில்பட்டி வடக்குத் தெரு, ஓட்டு வீட்டின் மூத்த புதல்வர் முருகேசன் அவர்கள் (வயது 14) இன்று காலை ஏழு பத்துக்குத் தம் வாழ்நாளின் முதல் சவரத்தை இனிதே நிறைவேற்றினார். கத்தி உபயம்: அப்பா (அவருக்குத் தெரியாது). விழுந்த முடிகள்: மூன்று. மேலுதட்டில் ஒரு வெட்டு. உயிர்ச்சேதம் இல்லை.

பகலெல்லாம் காற்று. மழைப் பேச்சே இல்லை. கரிசல் புழுதி சோற்றில், நோட்டில், பல்லில்.

வரலாறு சார் வந்தார். சனிக்கிழமை பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம். டில்லியில் இப்போது ரயில்வே பற்றித்தான் காரசாரமாம். அதனால் நமக்கும் அதே: 'ரயில்வேயின் எதிர்காலம்'. பெற்றோர் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும்.

சபாநாயகர்: சீனு (தொப்பை காரணம்).
ரயில்வே அமைச்சர்: கணபதி.
விளாத்திகுளம் உறுப்பினர்: அடியேன். தண்டவாளமே இல்லாத ஊர். ரயில் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

"கணபதி அப்பா ரயில்வேயில இருக்காரு. விவரம் கேட்டுக்கிடுவான்" என்றார் சார்.

"எங்கப்பாவும் ரயில்வேதான் சார்."

"இருந்தாருல்லா" என்றார்.

இருந்தாருல்லா. நாள் முழுக்க அந்த ஒரு சொல் காதுக்குள் ஷண்டிங் அடித்தது.

இருந்தார்தான். பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முந்தி வேலைநிறுத்தம் வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் பசுவந்தனையில் அத்தை வீட்டில் மறைந்திருந்தார். கணபதி அப்பா, பார்சல் கிளார்க், ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் போலீஸ் ஜீப் யாரிடமும் வழி கேட்காமல் நேரே அத்தை வீட்டு வாசலில் போய் நின்றது. அப்பா இருபது நாள் உள்ளே. வேலை போச்சு. குவார்ட்டர்ஸ் போச்சு. இப்போது தீப்பெட்டி ஆபீசில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறார். அம்மா அங்கேயே குச்சி அடுக்குகிறாள். காட்டிக்கொடுத்தது யார் என்று ரயில்வே காலனிக்கே தெரியும். கருங்காலி என்றால் கணபதி வீடு என்று சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

கணபதி ரயில்வே அமைச்சராம். ஆமைச்சர். சனிக்கிழமை மல்லாத்திப் போடுகிறேன், கால் நான்கும் மேலே.

ஜூன் 28, செவ்வாய்

முதல் தாக்குதல். ஓடைக்கரையில் அரிப்பெடுக்கும் செந்தட்டி இலை பறித்து (கையில் அப்பாவின் பழைய காலுறை) அமைச்சர் உட்காரும் பெஞ்சில் தேய்த்து வைத்தேன்.

அதில் சார் உட்கார்ந்தார்.

சார் பாடம் நடத்திய விதம் பற்றி எழுத மாட்டேன். குருநிந்தை. ஒரு மணி நேரத்தில் மூன்று அரசர்கள் ஆண்டு முடித்துவிட்டார்கள், அவ்வளவு வேகம்.

"எவம்லே செஞ்சது?"

நான் தேய்த்ததைக் கணபதி பார்த்தான். எனக்குத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே நின்றான். வாயே திறக்கவில்லை. வகுப்பு முழுக்க முட்டி போட்டோம். அவனும்தான்.

காட்டிக்கொடுக்காமல் இருப்பது அவன் குடும்பத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஜூன் 29, புதன்

அரிசி, மண்ணெண்ணெய், நீலம் வாங்க. நீலம் மறந்தது. ஏச்சு வாங்கியது.

சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் டில்லிச் செய்தி. அப்பா கையில் கிளாஸ். கூட்டம்.

"பாதி லைன் நஷ்டத்துல ஓடுதாம். மூடிறணும்ங்கான் ஒருத்தன்."

"ஒன்னாலயும்தான் ஒன் வீட்டுக்கு நஷ்டம். ஒன்னைய மூடிறலாமா?"

"தனியாருக்குக் குடுத்துறணுமாம்லா."

"குடுத்தா? டிக்கெட்டுக்கு வயலை விக்கணும்."

பிறகு ரேடியோ, வேலைநிறுத்தத்தில் நீக்கப்பட்டவர்களை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டதாகச் சொன்னது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா டீயைப் பார்த்தார். பரிசீலிக்கப்படும் என்று பதில்.

வீட்டில் அம்மா: "பரிசீலனைன்னா என்னலே?"

"வரும், ஆனா வராது" என்றேன். சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இந்த வீட்டில் மரியாதை கிடையாது.

அப்பா சனிக்கிழமை வருகிறாராம். ஸ்டேஷன் வழியாகப் போனால் பள்ளிக்கூடம் பக்கம். அவர் மூன்று வருஷமாகச் சுற்றித்தான் போகிறார். சனிக்கிழமையும் சுற்றித்தான் வருவார்.

ஜூன் 30, வியாழன்

விதிமுறை இப்படி. கேள்வியை முன்கூட்டி எழுதி சாரிடம் கொடுத்துவிட வேண்டும். அமைச்சர் பதிலை எழுதி வைத்து வாசிப்பார். "துணைக் கேள்வி மட்டும் எழுதித் தர வேண்டாம். அவையில அப்பமே எந்திச்சுக் கேக்கலாம்" என்றார் சார்.

ஐயா, நீர் நீடூழி வாழ்க.

எழுதிக் கொடுத்த கேள்வி: மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்கும் உத்தேசம் உண்டா? பூனைக்குட்டி மாதிரி சாதுவான கேள்வி.

சட்டைப்பைக்குள் இருப்பது: வேலைநிறுத்தத்தின்போது ஒரு பாயிண்ட்ஸ்மேன் மறைந்திருந்த இடத்தைப் போலீசுக்குச் சொன்னவர் யார்? அமைச்சர் அவரது பெயரை இந்த அவைக்குச் சொல்வாரா?

முன்வரிசையில் அவன் அப்பா. பின்வரிசையில் என் அப்பா. நடுவில் ஊர். அவன் வாயாலேயே அவன் அப்பா பெயர் வர வேண்டும். வராவிட்டால் அழ வேண்டும். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

சீனுவிடம் காட்டினேன். பதறினால் அவனுக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "வத்துரா, வத்து! வேண்டாம்லே முருகேசா. அவன் என்னலே செஞ்சான்?"

"சபாநாயகர் நடுநிலை வகிக்கவும்."

வரும் வழியில் காலனிக் குழாயடி. கணபதி அம்மா குடத்தோடு ஓரமாக நிற்கிறாள். எல்லாரும் பிடித்து முடித்து, குழாய் இருமத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு முறை. மூன்று வருஷமாக அப்படித்தான். ஒருத்தியும் பேசுவதில்லை.

நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும்.

(ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.)

ஜூலை 1, வெள்ளி

ஒத்திகை. சீனு மேசையைத் தட்டத் தட்டக் கரும்பலகைத் துடைப்பான் சுண்ணாம்புப் புகை கக்கியது. நிலக்கரி எஞ்சின் தோற்றது.

கணபதி தனியாக வந்து, "முருகேசா, ஒரு நிமிசம். நாளைக்கு நீ..." என்று ஆரம்பித்தான். சீனு உளறியிருப்பான்.

"அமைச்சர் தம் இருக்கையிலிருந்து பேசவும்" என்றேன். கூட இருந்த பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். போய்விட்டான்.

தூக்கம் வராது போல.

ஜூலை 2, சனி

வெற்றி! வெற்றி! விளாத்திகுளம் உறுப்பினரின் துணைக் கேள்வியால் அவை கிடுகிடுத்தது. அமைச்சர் வாயடைத்தார். அவர் தந்தையார் கொடுத்த கலர் சோடாவைக் குடிக்காமலே வெளியேறினார். காலனி ஆட்கள் என் முதுகில் தட்டிய தட்டில் நாளைக்குக் குப்புறத்தான் படுக்க வேண்டும். அப்பா ஒரு புரோட்டா வாங்கிக் கொடுத்தார். பழி தீர்ந்தது. விவரம் நாளை.

ஜூலை 3, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம். எழுத உட்கார்ந்து நாலு தடவை பேனாவுக்கு மை ஊற்றிவிட்டேன். பேனாவில் மை குறையவே இல்லை.

நடந்ததை நடந்தபடி.

விவாதம் நன்றாகத்தான் போனது. பத்துப் பேருக்குக் குறைவாக இறங்கும் ஸ்டேஷனை எல்லாம் மூடச் சொன்னான் ஒரு உறுப்பினன். "அப்பம் எங்க ஊர்க்காரன் ஓடுற வண்டியிலேருந்து குதிக்கவா?" என்றான் இன்னொருவன். கணபதி எழுந்து, லாபம் வராத ஊருக்கும் மிளகாய் மூட்டை ஏற்ற வண்டி வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு வண்டி வேண்டும், அதனால் எதையும் மூட மாட்டோம் என்றான். காலனி ஆட்களே தங்களை மறந்து கை தட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அகலப்பாதைக் கேள்வி. பதில் வாசித்தான். நான் எழுந்து துணைக் கேள்வியைக் கேட்டேன்.

சீனு துடைப்பானைத் தூக்கியபடியே இருந்தான். கணபதி கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நான் என் தாளை நாலாக மடித்தேன்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, அந்தப் பெயர் அமைச்சருக்குத் தெரியும். பொதுநலன் கருதி அதை இந்த அவையில் வெளியிட இயலாது."

"சபாஷ்! இதுதாம்லே நாடாளுமன்ற மரபு" என்று சார் குதித்தார். பின்வரிசையிலிருந்து "அப்பனைக் காப்பாத்துதான் பாரு" என்று ஒரு குரல். ஓவென்று கூச்சல். அவன் அப்பா எழுந்து போனார்.

முடிந்த பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவன் தனியாக நின்றான். போனேன்.

"ஏம்லே சொல்லல?"

"ஒங்கப்பா பின்னால நின்னாவல்லா" என்றான். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டான்.

அப்பா வீட்டுக்கு வரும்போது, "நல்லாக் கேட்டலே. இன்னும் நறுக்குன்னு கேட்டிருக்கணும்" என்று என் தோளில் கை போட்டார். போட்டது இதுதான் முதல் தடவை. அந்தப் புரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டேன். நேற்று அதை எழுதவில்லை.

இன்னொன்றும் எழுதவில்லை. மூன்று வருஷமாக எழுதவில்லை.

வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள், ரயில்வே கேட் பக்கம் நானும் கணபதியும் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தோம். சைக்கிளில் ஒருவர், வேட்டி, தோளில் துண்டு. சேவுப் பொட்டலம் கொடுத்தார். "ஒங்கப்பா பயந்து ஓடிட்டாராமே தம்பி?" என்றார்.

"எங்கப்பாவா? பயமா?" என்றேன். "போலீஸ் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது தெரியுமா?"

"அப்படி என்னப்பா கோட்டை?"

"பசுவந்தனை. எங்க அத்தை வீடு. பருத்தி அம்பாரத்துக்குப் பின்னால." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். கணபதி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். தட்டிவிட்டேன்.

மறுநாள் ஜீப் போனது. குழாயடியில் எல்லாப் பெண்களும் சுற்றி நிற்க, "எவன் சொல்லியிருப்பான்?" என்று அம்மா அழுதாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் "கணபதி அப்பா" என்றேன்.