கடைசிப் பாராவை விடாமல் வாசித்தேன், அத்தான்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

போன இடத்தில் சௌக்கியமா என்று கேட்கத்தான் கை வருகிறது. கேட்டால், "சௌக்கியமா இருக்கவனுக்கு என்னத்துக்கு மாப்ள கடுதாசி?" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. இங்கே நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தாராவி அப்படியேதான் இருக்கிறது. சர்வேக்காரர்கள் வந்து கதவுகளில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அக்கா உங்களையும் சேர்த்து இரண்டு விரலைக் காட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உங்களை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து, தைத்து முடித்த பைகளின் ஜிப்பை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஜிப்பும் நன்றாகவே ஓடின. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி அன்றிலிருந்து நடந்துகொண்டிருக்கிறேன். நடை என்னவோ வருகிறது.

என்னை விடுங்கள். அக்காதான் பயமுறுத்தினாள். விடிவதற்குள் குழாயில் தண்ணீர் வரும்போது முதல் ஆளாகக் குடத்தோடு நிற்பாள். டிரம்மை நிரப்புவாள். இட்லி அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தனுப்புவாள். ஒரு வேலை பாக்கி இருக்காது. பேச்சு மட்டும் நின்றுபோனது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "கவலப்படாத, எல்லாம் சரியாப் போவும்." அக்கா "ம்" என்பாள். உங்கள் மகள் செல்வி தாணேயிலிருந்து வரும்போதெல்லாம் "அம்மா, குச் தோ போலோ, ஏதாச்சும் பேசும்மா" என்று மடியில் விழுந்து கெஞ்சுவாள். அதற்கும் "ம்"தான். மனுஷி வீட்டுக்குள் இருக்கிறாளா, இல்லை உங்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் மாதுங்காக் கதைக் கூட்டத்துத் தலைவர் போன் செய்தார். உங்களுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்க வேண்டும், உங்கள் கதை ஒன்றை நான் வாசிக்க வேண்டும் என்றார். நல்ல மனுஷர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "முன் வரிசையில உங்க அக்கா உக்காந்துண்டிருப்பா. கொஞ்சம் நம்பிக்கை தர்ற கதையாப் பார்த்து எடுங்கோ."

எங்கே போவேன், அத்தான்? உங்கள் மூன்று புத்தகங்களையும் கட்டிலில் பரப்பிவைத்துத் தேடினேன். ஒருவன் கூட உருப்படவில்லை. வேலை போனவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஓடிப்போன பிள்ளை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை. "ஒரே ஒரு ஆளையாவது பொழைக்க விடக்கூடாதா?" என்று உங்களிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! "நீ பொழச்சுக் கெடக்கேல்லா, அது போதும்" என்று என் தலையில் தட்டிவிட்டு எழுதப் போவீர்கள்.

கடைசியில், மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அந்த அம்மாவின் கதையை எடுத்தேன். அதில்தான் சாவு கொஞ்சம் சத்தமில்லாமல் வருகிறது. தலைவருக்குப் போனில் சொன்னேன். "அந்தக் கடைசிப் பாராவை மட்டும் விட்டுடுங்கோளேன்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டுவைத்தேன்.

அழைப்பிதழ் தயாரிக்கும் வேலையைச் செல்வி எடுத்துக்கொண்டாள். உங்கள் மகளுடைய தமிழ்ப் படிப்புதான் உங்களுக்குத் தெரியுமே, கடைப் பலகையையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். உங்கள் கடைசிப் புத்தக வெளியீட்டுக்கு அனுப்பிய அழைப்பிதழ் அவள் போனில் இருந்தது. தலைப்பையும் தேதியையும் மட்டும் மாற்றி எல்லாருக்கும் தட்டிவிட்டாள். பதிலுக்கு எல்லாரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்கள். கடைசி வரி வரைக்கும் யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சயானிலிருந்து டாக்ஸி பிடித்து அக்காவைக் கூட்டிப்போனேன். அதே மாடி ஹால், அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே ஆறிப்போன காபி. உங்கள் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். அக்கா முன் வரிசையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்தாள்.

வாசிக்க ஆரம்பித்தேன். பிள்ளை சாகிறான். அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று ஆளுக்கொரு தடவை சொல்கிறார்கள். அந்த இடத்தில் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. கேட்டுக்கொண்டிருந்தாள், அத்தான்! உங்கள் கதை எதையும் கேட்காதவள். "பகல் முழுக்க வீட்டுல பாக்கது பத்தாதா, புத்தகத்துல வேறயா" என்று உங்களை விரட்டியவள். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. பென்சில் கோட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தக் கடைசிப் பாராவில் விடிகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. சந்தே கூடி அந்த அம்மாவைக் கூப்பிடுகிறது. அவள் காலிக் குடத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள். "நாளைக்கும் தண்ணீர் வரும். அதனால் என்ன?" என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

அப்புறம் வழக்கம்போல ஆளாளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். நடை பிரமாதம், மனிதாபிமானம் பிரமாதம், ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் காட்டியிருக்கலாம். நீங்கள் இருந்தபோது முகத்துக்கு நேரே சொன்னதையேதான் படத்துக்கு முன்னாலும் சொன்னார்கள். நீங்களும் எத்தனை வருஷம் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஏற்புரை சொல்ல எழுந்து "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்! பதில் இல்லாமலா அப்படி உட்கார்ந்தீர்கள்?

தலைவர் போனைக் கண்ணருகே வைத்து அழைப்பிதழைப் பார்த்தார். "நிறைவாக, ஏற்புரை" என்று சொல்லி, கூடவே உங்கள் பெயரையும் வாசித்துவிட்டார்.

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வி பழைய வரியை நீக்காமல் விட்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. "மேரீ கல்தி, என் தப்புதான்" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். மைக்குக்குப் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே பேசினாள்.

"அவுக எழுதுனத இன்னைக்குத்தான் நான் கேக்கேன். ஏன் இப்படிச் சோகமா எழுதிருக்காவன்னு எல்லாரும் கேக்கீய. எனக்கு அதெல்லாம் தெரியாது. அவுக போனதுலேருந்து வீட்டுக்கு வந்த எல்லாரும், எல்லாம் சரியாப் போவும்னுதான் சொன்னாவ. நானும் தினம் தண்ணி புடிச்சேன், மாவு ஆட்டினேன். ஒண்ணும் சரியாப் போவல. இந்தக் கதையில வர்றவ குடத்த வச்சிட்டு உக்காந்துட்டா. அப்படி உக்காரலாம்னு எனக்கு யாருமே சொல்லல. அவுக சொல்லியிருக்காவ."

"நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. உங்கள் கதையில் வெளிச்சம் எங்கே, எங்கே என்று இத்தனை வருஷம் கேட்டோமே, இதை ஏன் ஒருநாளும் நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை? அந்த அம்மாவை எங்கே பார்த்தீர்கள்? அக்கா ஒருநாள் அந்த இடத்துக்கு வந்து நிற்பாள் என்று தெரிந்தா எழுதினீர்கள்?

மறுநாள் விடியலில் தண்ணீர் வந்தது. அக்கா வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டதைக் கேட்டு நான் ஓடினேன். அக்கா வாசல்படியில் காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சந்துக்கே கேட்கும்படி, உங்கள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கையிலிருந்து குடத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

அன்றைக்கு இட்லி இல்லை என்று கடைகளுக்குச் சொல்லியனுப்பினேன். மத்தியானம் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏல, இன்னும் எத்தன கத கெடக்கு?" என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். "எல்லாத்துலயும் சாவானுவளா?" என்றாள். ஆமாம் என்றேன். "வாசி" என்றாள்.

வாசிக்கிறேன், அத்தான். எந்தக் கடைசிப் பாராவையும் விடமாட்டேன். அவள் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் உட்காரட்டும். நாளைக்கும் தண்ணீர் வரும். நான் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் பிழைக்க விட்ட ஒரே ஆள்,
உங்கள் மாப்ள