கடைசியாகப் பேசியவன்

வாட்டில் கிரீக், குயின்ஸ்லாந்து
9 மார்ச் 1951

அன்புள்ள கிளெம்,

நானும் பிள்ளைகளும் நலம். ரூத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை அப்பாவுக்கு எழுதச் சொல்லி நச்சரிக்கிறாள்.

விசாரணை அறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது. விமானம் மேலெழும்பியதும் இடது எஞ்சினுக்குள் ஒரு தண்டு முறிந்ததுதான் காரணமாம். விரிசல் உலோகத்துக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. எந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்று எழுதியிருக்கிறார்கள். உன் பெயரைச் சொல்லி, அன்று காலை நீ செய்த சோதனையில் குறையில்லை என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. பதினான்கு பேர் போய்விட்டார்கள். எட்டு மாதமாகியும் விமானம் விழுந்த அந்தக் கரும்புத் தோட்டத்தில் யாரும் உழவில்லை. மகளைப் பறிகொடுத்த டக்ளஸ் மெக்கி என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்னும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

நேற்று தெல்மா வந்தாள். விமானத்தை ஓட்டிய ஹாரியின் மனைவியே படியேறி வந்ததும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பிறகு, "கிளெம் எங்க, மேவிஸ்?" என்றாள். லாங்ரீச் பக்கம் ஆட்டுப் பண்ணையில் வேலி போடுகிறாய் என்றேன். "ஒளிஞ்சிக்கிட்டாரா? ஹாரி இருந்தா காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாரு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. பேசாமலே கிளம்பிட்டாரு. விமானம் நகர்றதுக்கு முன்னாடி ஜன்னலைப் பாத்து அவருகூடப் பேசிக்கிட்டு நின்னது கிளெம்தானாம். ஹாரி என்ன சொன்னாரு? கோவமா இருந்தாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

எனக்குத் தெரியாது என்றேன். நீ என்னிடமும் சொன்னதில்லையே.

பழைய வேலைக்குத் திரும்பு என்று கேட்கவில்லை, கிளெம். இனி நீ விமானத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் சனிக்கிழமை ரயிலில் வா. அவள் வீட்டில் உட்கார்ந்து, ஹாரி சொன்னதை அப்படியே சொல். வெறும் வானிலை பற்றிப் பேசியிருந்தாலும் சரி. கடிதத்தில் எழுதி அனுப்பிவிடாதே. உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் அவளுக்கு.

எனக்கும்தான்.

கடவுள் உன்னை வழியெல்லாம் காக்கட்டும்.

உன்
மேவிஸ்