பெயர் எழுதாத கட்டம்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. ஐந்து முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா?

இன்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். வாயால் சொல்லவில்லை, காகிதமாகவே கையில் கொடுத்தார்கள். ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் பாலின் ஓட்டத்தைக் கூட்டியதால் சர்க்கரை முழுதாக உடையவில்லை என்று அதில் இருக்கிறது. கீழே உன் கையெழுத்து. நான் அட்டை போட்டுக் கொடுத்த நோட்டுகளில் நீ கிறுக்கிப் பழகிய அதே கையெழுத்து.

யாரையும் கேட்காமலா? பதினாறு வருஷமாக அந்த எஃகு உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். உள்ளே குட்டிக் குட்டி மணிகள், மணிகளில் ஒட்டிப் பிடித்திருக்கும் என்சைம். பால் ஓடிப்போகும், என்சைம் அங்கேயே இருந்து பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும். அது உடைந்தால்தான் பால் செரிக்காதவர்கள் இதைக் குடிக்க முடியும். மணி பழையதாக ஆக அதன் வேகம் குறையும். அப்போது வால்வைத் திருகி, பாலை மெதுவாக விட வேண்டும். இதெல்லாம் அந்த உருளையைக் கட்டிய உனக்குத் தெரியாததா?

எட்டு மாதத்தில் மாற்ற வேண்டிய மணிகளைப் பன்னிரண்டு மாதம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று மேலிடத்தில் மார்தட்டியது நீ. பதினோராம் மாதம் நான் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். மறுநாள் மதியமே உன் போன் வந்தது. "மீட்டிங் முடியிறவரைக்கும் முழுசாத் தொறந்து வை அக்கா. என் பேரை மட்டும் புக்குல எழுதிடாத" என்றாய். போனில் வரும் உத்தரவு யாருடையது என்று ஷிப்ட் புத்தகத்தில் அதற்கான கட்டத்தில் எழுதியே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் சோதனைப் பட்டையை மட்டும் ஒட்டினேன். சர்க்கரை உடைந்திருந்தால் கரும்பச்சையாக வேண்டிய பட்டை வெளிறிப்போய் இருந்தது.

அந்தக் காலிக் கட்டத்தில் என்னையே பிடித்துத் தள்ளுவாய் என்று நினைக்கவில்லையடா. பதினாறாம் தேதி விசாரணை. அதற்குள் நீயே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடு.

உன் அக்கா

மார்ச் 9

என் அன்பு அக்காவுக்கு,

போனில் பேசினால் இருவரும் கத்திக்கொள்வோம் என்றுதான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நீ நினைக்கிற அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை. அறிக்கையில் யாராவது ஒருவரைக் காட்டியாக வேண்டும். என்னைக் காட்டினால் இந்த முறையையே மூட்டைகட்டிவிடுவார்கள். மறுபடியும் ஒவ்வொரு தொட்டியிலும் என்சைமை ஊற்றி, ஒவ்வொரு முறையும் பாலோடு அதை இழக்கும் பழைய பாட்டுதான். என் இத்தனை வருஷ உழைப்பும் போய்விடும். உனக்கு என்ன ஆகிவிடும்? ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக உனக்கு வாங்கித் தருகிறேன்.

அந்தக் கட்டத்தில் "நானே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. நான் உடைத்த ஜன்னலுக்கு அப்பாவிடம் அடி வாங்கியவள்தானே நீ? பாலே ஒத்துக்கொள்ளாத உன் மகள், நம் பாப்பாவுக்காகத்தான் அந்த உருளையைக் கட்டினேன் என்பதையும் நினைத்துப் பார். யார் உயிரும் போய்விடவில்லை. நாலு பேருக்குக் கொஞ்சம் வயிற்றுவலி.

என்றும் உன் செல்லத் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

நாலு பேருக்குக் கொஞ்சம் வயிற்றுவலி என்று எழுதியிருந்தாய். அந்த நாலு பேரில் ஒருத்தி யார் தெரியுமா? பாப்பா.

விடுதியில் தங்கிப் படிக்கிறவள் கடையில் நம் ஆலைப் பாக்கெட்டைத் தவிர வேறு எதையும் தொடவே மாட்டாள். அவளுக்கு அது மாமா பால். அந்த வாரமும் அதைத்தான் குடித்தாள். பரீட்சை ஹாலிலிருந்து மூன்று தடவை எழுந்து ஓடியிருக்கிறாள். நாலாவது தடவை எழ வெட்கப்பட்டு, விடைத்தாளைப் பாதியிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பயத்துல ஒண்ணுமே எறங்கலம்மா, மாமா பால் மட்டும்தான் குடிச்சேன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியுமே. என் கையாலேயே வால்வைத் திறந்தேன், பட்டை வெளிறியதையும் பார்த்தேன். ஒரு வாரம் குடிக்காதே என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள், உன் பேரைச் சொல்ல வேண்டிவரும் என்று வாயை மூடிக்கொண்டேன். பெற்ற மகளைவிட உன் பேர் எனக்குப் பெரிதாகிவிட்டது. அதை நினைத்தால் உன்மேல் வருகிற ஆத்திரத்தைவிட என்மேல் அதிகம் வருகிறது.

ஜன்னலை ஞாபகப்படுத்துகிறாய், வெட்கமில்லாமல். அன்றைக்கே உன் காதைத் திருகி அப்பா முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். செய்யாமல் விட்டது என் தப்புதான்.

நேற்று விசாரணை நடத்த வெளியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். புத்தகத்தைத் திருப்பி, இந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். பேனா வாங்கி, நேற்றைய தேதியைப் போட்டு, உன் பேரையும் பதவியையும் எழுதினேன். ஒட்டிய பட்டைகளை எல்லாம் காட்டினேன். போன் வந்த நேரத்தைச் சொன்னேன், ஆலையின் டெலிபோன் அழைப்புப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்வார்கள். தப்பு என்று தெரிந்தேதான் திறந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. என் வேலை திரும்பக் கிடைக்குமா, போய்விடுமா தெரியாது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா நான் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். உன் பேரில் விரலை வைத்து, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

வாங்கிய பேனாவை மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மேலதிகாரி என்றேன்.

இப்படிக்கு,
ஆபரேட்டர், இரண்டாம் ஷிப்ட்