கடைசி வரிசைக்குப் போன அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறோம். அம்மா உனக்கு எழுதும் கடிதமெல்லாம் இப்படித்தான் தொடங்கும் என்பதால் நானும் அப்படியே தொடங்கிவிட்டேன். அதிபர் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று எழுதினாளே, அதுதான் அவளுடைய கடைசிக் கடிதம். அதன் பிறகு அவளுக்குப் பேனா பிடிக்க நேரமில்லை, இப்போது நேரம் இருந்தும் எழுதவில்லை, அதனால் அவளுக்குப் பதிலாக நான். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். விளக்குப் போட்டாலும் தெருவுக்குத் தெரியாத அறை வீட்டில் இது ஒன்றுதான். போன வாரம் யாரோ கல் எறிந்து முன் அறை ஜன்னல் உடைந்துவிட்டது. அப்பா மிச்சமிருந்த தேர்தல் விளம்பர அட்டை ஒன்றை அறுத்து அந்த ஓட்டையில் வைத்து ஆணி அடித்தார். அம்மாவின் முகம் அதில் பாதிதான் வந்தது, ஒரு கண்ணும் அரை மூக்கும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்தக் கண் என்னையே பார்க்கிறது. பயமாக இருக்கிறது என்றேன், அப்பா "அது காவலுக்குடி, ரெண்டு கண்ணும் வெச்சா சம்பளம் கேக்கும்" என்றார். சிரித்துவிட்டேன், ஆனாலும் பயம் போகவில்லை. போனை எடுத்தால் யாராவது பஸ் ஹாரன் மாதிரிச் சத்தம் போட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் உனக்குச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "அவ அங்க ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்து படுப்பா, இதைச் சொன்னா பகல்லயும் முழிச்சுக்கிட்டுக் கிடப்பா" என்கிறாள்.

டிவியில் வேட்பாளர்கள் விவாதம் நடந்த மறுநாள் நீ போன் பண்ணி, எங்கள் வார்டில் நர்ஸ் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், போதும்மா விட்டுடு என்று சொன்னாய். அம்மா "சரிடா கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அதன் பிறகு நீ பேசவே இல்லை. உன்மேல் கோபப்பட்டு எழுதவில்லை அக்கா. நீ பார்த்தது டிவியில் வந்ததை. நான் அந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், கேமரா காட்டாததைப் பார்த்தேன், அதை உன்னிடம் சொல்ல வேறு யாரும் இல்லை.

நகரசபை உறுப்பினரான நாளிலிருந்தே அம்மா எந்தக் கூட்டத்திலும் மேடை ஏறமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். மேடை போட்டு, மாலை வாங்கி வைத்திருப்பார்கள், அவள் பின்பக்கமாக நுழைந்து, கண்டக்டராக இருந்தபோது பஸ்ஸில் வந்த மாதிரியே கடைசி ஆளிடமிருந்து பேசிக்கொண்டே முன்னால் வருவாள். முன் வரிசைப் பெரியவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி எடுத்துப் போவார்கள். ஊர் ஊராக அவள் சொன்னதும் இந்த நாலைந்து விஷயம்தான். ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் கடைசி ஷிப்ட் முடிந்த பிறகுதான் கடைசி பஸ் கிளம்ப வேண்டும். அதிபருக்குக் காய்ச்சல் வந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில்தான் நிற்க வேண்டும். எல்லை தாண்டிப் பேச வேண்டியதை எல்லை தாண்டிச் சுடுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும். அப்புறம், ராத்திரி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் தூங்குவதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து, படுக்கையும் பார்த்துக்கொள்ள ஆளும் போட வேண்டும். காசுக்கு எங்கே போவீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, "சாயங்காலம் பூட்டிட்டுப் போற கட்டடம்தானே சார், புதுசா கட்டவா சொன்னேன்" என்றாள். இந்தக் கடைசித் திட்டத்தை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி என்றால் டிப்போவில் டிக்கெட் அறை பெஞ்சில் நாம் இருவரும் படுத்திருப்போம், விடிகாலையில் வண்டிகளைக் கிளப்பும்போது நீ உன் இரண்டு கையாலும் என் காதைப் பொத்துவாய். உன் காதை யாரும் பொத்தியதில்லை. அம்மா ஒவ்வொரு ஊரிலும் அதைச் சொல்வாள், உன் பேரைச் சொல்லமாட்டாள், "என் பெரியவ" என்பாள்.

இனி அந்த விவாதம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு உயரமான மேஜை, அதில் ஒட்டிவைத்த மைக், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். மக்கள் கேட்கும் பகுதி வந்தபோது கடைசி வரிசையில் காவலாளி உடுப்போடு ஒரு பெண் எழுந்து அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அவளிடம் மைக் போய்ச் சேரவில்லை, ஒருவருக்கும் கேட்கவில்லை. நடத்துகிறவர், நேரம் ஓடுகிறது, நீங்கள் பதில் சொல்லலாம் என்கிறார். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அம்மா "உக்காருங்கம்மா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். வழியை அடைத்துக்கொண்டு பெரிய கட்சி ஆட்கள் நின்றிருந்தார்கள், அவர்களைப் பார்த்து "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றாள், அத்தனை பேரும் தள்ளி நின்றார்கள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண் கேட்டது இதுதான்: "நான் ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்தைக் காவல் காக்குறேன், உள்ள அத்தனை ரூமும் காலியா கிடக்கு, என் பிள்ளை கேட்டுக்கு வெளிய என் நாற்காலியில உக்காந்தே தூங்குது. நீங்க சொல்றது நடக்குமா, இல்ல ஓட்டுக்குச் சொல்றீங்களா?" அம்மா அவள் பக்கத்தில் குனிந்து, பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை மணிக்கு வேலை, மழை வந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டாள், பிறகு சுற்றி இருந்த நாலு வரிசைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். இவ்வளவு நேரமும் நாடு முழுக்க டிவியில் தெரிந்தது ஒரு காலி மேஜையும் ஒரு தண்ணீர் டம்ளரும்தான். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்த டம்ளர். காலி மேஜை வேட்பாளர் என்று பேர் வைத்தார்கள். என் வகுப்பில் ஆசிரியர் மேஜை மேல் ஒரு டம்ளரை வைத்து, அதற்கு வணக்கம் சொன்னார்கள். நன்கொடை நின்றது, அம்மாவை நிறுத்திய சின்னக் கட்சி, விலகிக்கொள்வது நல்லது என்று சொல்லிவிட்டது. தொடங்கி இரண்டு மாதம் கூட ஆகவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு அம்மா விலகுவதாக அறிவிக்கப் போகிறாள். எனக்குப் பயம் அதனால் இல்லை. இன்று மத்தியானம் பெரிய கட்சி வேட்பாளரின் செயலாளர் வந்தார். அவர் போன பிறகும் சோபாவில் சென்ட் வாசனை போகவில்லை. "நாளைக்கு எங்க மேடையில ஏறி, தலைவர் கையைப் பிடிச்சுத் தூக்கினா போதும் மேடம், போக்குவரத்து வாரியத் தலைவர் நீங்கதான். அந்த ராத்திரி ரூம் சமாசாரத்தை மட்டும் இனிமே பேசாதீங்க, செலவு பிடிச்ச வேலை" என்றார். அப்பா டிப்போவில் எத்தனை வருஷம் இஞ்சினுக்கு அடியில் படுத்தவர், அவருக்கு ஆசை வராதா? "யோசிச்சுப் பாரு, எந்த அதிகாரி உன்னை லீவு கேக்க நிக்க வெச்சானோ, அவன் உன் ரூம் வாசல்ல நிப்பான்" என்றார். அம்மா முடியாது என்று சொல்வாள் என்று நான் சமையலறையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். அவள் "பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள் அக்கா. சாயங்காலம் அந்தக் காவலாளிப் பெண் கண்ணாடி போட்ட யாரோ ஒரு பெண்மணியோடு வந்தாள், நம் அம்மா கேட் பக்கமே நிறுத்தி அவர்களிடம் வெகுநேரம் பேசினாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நடக்காது, மன்னித்துவிடு என்று சொல்லியிருப்பாளோ? நாளைக்கு அம்மா அந்த மேடையில் ஏறிவிட்டால், பிறகு டிப்போ பெஞ்சைப் பற்றி யார் பேசுவார்கள்? கல் எறிந்தவர்களைவிட அதுதான் எனக்குப் பயம். நீ விடு என்று சொன்னதால்தான் அம்மா விட்டுவிடுகிறாளோ என்றும் தோன்றுகிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், அது தெரிந்தும் எழுதுகிறேன். நடை சத்தம் கேட்கிறது. அம்மாதான். "உள்ள யாரு, வயித்து வலியா" என்கிறாள். இல்லை என்றால் பின்னே என்ன செய்கிறாய் என்பாள். எனக்குப் பொய் வரவில்லை அக்கா

மகளே, இனி எழுதுவது அம்மா. உன் தங்கை இந்தத் தாள்களைக் கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள், நான் வெளியே தரையில் உட்கார்ந்து படித்தேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் படுக்க விரட்டிவிட்டேன். அழுத முகத்தோடு போனாள், காலையில் சரியாகிவிடும். நான் அந்தச் செயலாளருக்குப் பாக்கலாம் என்றது, அவர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றுதான். சாப்பிடாமல் படுத்தது உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல். நீ விடு என்றாய், விடுகிறேன், ஆனால் அதிபர் தேர்தலை மட்டும்தான். சாயங்காலம் வந்த கண்ணாடிக்காரர் அந்தப் பெண் காவல் காக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. "கட்டடம் நகரசபையோடது, சாவி என்கிட்ட இருக்கு, நீங்க ஒரு தீர்மானம் கொண்டுவாங்க, கீழ இருக்கிற ரெண்டு வகுப்பை நான் திறந்துவிடறேன்" என்கிறார். நகரசபை உறுப்பினர் நாற்காலியை இன்னும் யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. மற்ற உறுப்பினர்கள் யோசித்தால் வீடு வீடாகப் போய்க் கேட்பேன், எனக்குத் தெரிந்த வேலைதானே அது. அப்பாவையும் எழுப்பிச் சொல்லிவிட்டேன், வாரியம் போச்சே என்று புலம்பிவிட்டு, அளக்கிற டேப்பை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் காதைப் பொத்த அப்போது நான் பக்கத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் ஊர் ஊராகப் போனேன், முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வார்டில் இன்னும் யாராவது சிரித்தால், அம்மா எங்கே போயிருந்தாள் என்று தங்கை எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டு.

நீ நன்றாக இரு, உன் கை பட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகட்டும். டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, ஹாரன் சத்தம் இல்லாமல் ஒரு மனிதக் குரல் கேட்டால் எங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். இது உன் கைக்கு வருவதற்குள் பெரிய கட்சி மேடைப் படம் செய்தியில் வந்திருக்கும். அதில் என்னைத் தேடாதே. அந்த மேடை நடக்கும் நேரம் நான் அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, எத்தனை பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்கலாம் என்று அப்பாவோடு அளந்துகொண்டிருப்பேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா